மருத்துவர்களின் மூடிய கூட்டமும் நோயாளியின் குடும்பமும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. பல ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டதிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அண்மையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான ஊசியை வயிற்றில் போட்டார்கள். அறுவை முடிந்த பின் மாத்திரை, ஊசி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் தேவையான அளவு வந்ததும் ஊசியை நிறுத்தியிருக்க வேண்டுமாம். சனிக்கிழமை மாலையே அந்த அளவு வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை வரை ஊசி தொடர்ந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மறுபடியும் வயிற்றைத் திறந்து, ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியமே வயிறு இறுகுகிறது என்று அப்பா சொன்னதாக, உடனிருந்த அம்மா சொல்கிறார். என்ன நடந்தது என்று கேட்டால், "எங்கள் டாக்டர்கள் கூட்டத்தில் விரிவாகப் பேசிவிட்டோம், வேண்டிய மாற்றங்களைச் செய்துவிட்டோம், அங்கே பேசியது கான்ஃபிடென்ஷியல்" என்கிறார் மருத்துவக் கண்காணிப்பாளர். இது ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடா? அந்தக் கூட்டத்தின் குறிப்பைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டா?

— வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

தந்தை நலமாக இருக்கிறார் என்று எழுதியிருப்பது நிம்மதி அளிக்கிறது. உங்கள் சந்தேகம் நியாயமானது. உங்களிடம் சொல்லப்பட்ட பதிலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அந்த அறையில் எந்த மருத்துவர் என்ன பேசினார் என்பது ஒன்று. உங்கள் தந்தைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன மாறும் என்பது மற்றொன்று. முதலாவதை ரகசியமாக வைத்திருக்க நல்ல காரணம் இருக்கிறது. இரண்டாவதை உங்களிடமிருந்து மறைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. இத்தகைய கூட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வரும் ஒரு மருத்துவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

மருத்துவமனைகளில் இதை மார்ட்டாலிட்டி மீட்டிங் என்றோ எம் அண்ட் எம் (மார்பிடிட்டி அண்ட் மார்ட்டாலிட்டி, அதாவது பாதிப்பும் மரணமும்) என்றோ சொல்வார்கள். மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ, எதிர்பாராமல் இறந்தவர்கள், எதிர்பாராத பாதிப்புக்கு ஆளானவர்கள் ஆகியோரின் சிகிச்சையைத் துறையின் மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பார்கள். நோயாளியின் பெயர் சொல்லப்படாது. நடந்ததை நேர வரிசைப்படி எடுத்துரைப்பது பெரும்பாலும் இளைய மருத்துவர் ஒருவரின் பொறுப்பாக இருக்கும். வெளியாட்களுக்கும் நிர்வாகத்தில் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும் அங்கே இடமில்லை என்பது நல்ல கூட்டங்களின் வழக்கம்.

உங்கள் தந்தைக்கு நேர்ந்ததைப் போன்ற ஒரு நிகழ்வு அங்கே எப்படிப் பேசப்படும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவமனையில் இப்படித்தான் நடந்தது என்று இதற்குப் பொருளில்லை. முதலில் வரும் பதில் எப்போதும் ஒன்றேதான்: செவிலியர் கவனிக்கவில்லை. ஆனால் செவிலியர் மருந்து அட்டையில் எழுதியிருந்ததைத்தான் கொடுத்திருப்பார். அட்டையில் ஏன் அந்த ஊசி இருந்தது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை அட்டை முடிந்து புதிய அட்டை எழுதிய பயிற்சி மருத்துவர் பழையதைப் பார்த்து அப்படியே எழுதியது தெரியவரும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை எண் ஐ.என்.ஆர். "ஐ.என்.ஆர். 2.5க்கு மேல் போனால் ஊசியை நிறுத்தவும்" என்று இதய மருத்துவர் வியாழக்கிழமையே எழுதியிருப்பார், ஆனால் அது கேஸ் ஷீட்டின் உள்பக்கத்தில் இருக்குமே தவிர மருந்து அட்டைக்கு வந்திருக்காது. எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர் சொல்வார் என்று அறுவை மருத்துவர் நினைத்திருப்பார். தாம் எழுதிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இதய மருத்துவர் நினைத்திருப்பார். சனிக்கிழமை மாலை வந்த முடிவு 3.1 என்றால், செயற்கை வால்வு உள்ள ஒருவருக்கு அது வேண்டிய அளவேயானதால், பரிசோதனைக் கூடத்திலிருந்து யாரும் அவசரமாகத் தொலைபேசியில் அழைத்திருக்க மாட்டார்கள். சரியான எண் வந்ததே ஊசியை நிறுத்துவதற்கான அடையாளம் என்பது கணினிக்குத் தெரியாது.

இவை அனைத்தையும் கேஸ் ஷீட்டைப் படித்தே ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றும் இருக்கும். மூன்று வார்டுகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த டூட்டி டாக்டர் எழுந்து, "சனிக்கிழமை இரவு அந்த எண்ணை நான் பார்த்தேன், ஊசியை நிறுத்த வேண்டுமோ என்று தோன்றியது, சென்ற வாரம் இரவில் போன் செய்ததற்குத் திட்டு வாங்கியிருந்ததால் சீனியரை அழைக்கத் தயங்கினேன்" என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கதவு மூடப்படுகிறது. அதைச் சொன்னவர் மறுநாள் மெமோ வாங்குவார், வக்கீல் நோட்டீஸில் தம் பெயரைப் பார்ப்பார், அல்லது ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் தம் படத்தைப் பார்ப்பார் என்ற நிலை இருந்தால் அந்த வாக்கியம் ஒருபோதும் வெளிவராது. அது வெளிவராவிட்டால், இரவில் இளையவர்கள் அழைக்கத் தயங்கும் சீனியர் ஒருவர் அந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்ற உண்மை, அடுத்த நோயாளிக்கும் அதற்கடுத்த நோயாளிக்கும் ஆபத்தாகவே தொடரும்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகவே செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் அப்படிச் செய்து பார்த்தார். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் அமோரி காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கவனித்து, நேர்ந்த தவறுகளை வகைப்படுத்தி ஊரறியச் சொல்ல வேண்டும் என்று வாதாடினார். அது ஏற்கப்படாததால் 1914இல் பதவி விலகினார். தாம் நடத்திய சிறிய மருத்துவமனையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையில் வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விவரங்களையும், அவர்களின் சிகிச்சையில் கண்ட 123 தவறுகளையும் அச்சிட்டே வெளியிட்டார். இன்றைய எம் அண்ட் எம் கூட்டங்களுக்கு அவரையே மூதாதையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்நாளில் அந்த வழியில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மிகச் சிலர். ஒரு தனி மனிதரின் அசாத்தியமான நேர்மையை நம்பி ஒரு தொழில் முழுவதையும் திருத்த முடியாது. சராசரித் துணிச்சல் உள்ள மருத்துவரும் உண்மை பேசக்கூடிய ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரிட்டன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இறந்த தாய்மார்களின் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகத் திரட்டப்பட்டு, மதிப்பிடும் மருத்துவர்களால் ஆராயப்பட்டன. தாயின் பெயர், மருத்துவரின் பெயர், மருத்துவமனையின் பெயர் எதுவும் அறிக்கையில் வராது. கற்றுக்கொண்டவை மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எவரும் வாங்கிப் படிக்கும் அறிக்கையாக வெளிவந்தன. சிசேரியனுக்குப் பின் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துத் தாய்மார்கள் இறப்பது அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 1995இல் வெளியிடப்பட்ட பின், சிசேரியனை ஒட்டிய அத்தகைய மரணங்கள் அடுத்து வந்த அறிக்கைகளில் வெகுவாகக் குறைந்திருந்தன. பெயர்கள் உள்ளேயே இருந்தன. பாடம் வெளியே வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு மாநில அரசின் ஒப்புதலோடு 2004 முதல் இதே முறையில் தாய்மார்களின் மரணங்களை ஆராய்ந்து வருகிறது. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி மருத்துவமனைகளிலிருந்து வரும் விவரங்களில் அடையாளங்கள் அகற்றப்பட்ட பின்னரே அவை மதிப்பீட்டாளர்களின் கைக்குப் போகின்றன. பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கே முதன்மையான காரணம் என்பது அந்த ஆய்விலிருந்து தெளிவானது. அதைக் கட்டுப்படுத்துவதற்கான பயிற்சிகளும் தர நெறிகளும் அதைத் தொடர்ந்து உருவாயின. காவல் துறையோ நீதிமன்றமோ அல்லாமல் சக மருத்துவர்களே தங்கள் வேலையை ஆராய்ந்து பெற்ற அறிவு இது.

தமிழ்நாட்டிலும் தாய்மார்களின் ஒவ்வொரு மரணமும் 1990களிலிருந்து தணிக்கை செய்யப்படுகிறது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்த தாயின் உறவினர்களும் அழைக்கப்பட்டு, நடந்ததைச் சொல்ல இடம் தரப்படுகிறது என்பது இந்த முறையின் பெரிய சிறப்பு. எந்தத் தாயின் மரணமும் கணக்கில் வராமல் போகக்கூடாது என்ற அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் டெத் ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் பதறுவதையும் பார்க்கிறேன். தேசிய வழிகாட்டு நெறிகள் தண்டிப்பது நோக்கமல்ல என்று தெளிவாகச் சொன்னாலும், கூட்டம் விசாரணையைப் போல மாறி மெமோவில் முடியும்போது மருத்துவர் கற்றுக்கொள்வது, சிக்கலான கர்ப்பிணியைக் கடைசி நேரத்தில் அடுத்த மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வதையும், கேஸ் ஷீட்டைத் தணிக்கைக்காக எழுதுவதையும்தான். நோயாளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே மூடிய கூட்டம் நடந்தது என்பதற்காக மட்டும் உங்கள் மருத்துவமனையைச் சந்தேகிக்க வேண்டாம். அப்படி ஒரு கூட்டமே நடத்தாத மருத்துவமனைகள் நம் நாட்டில் ஏராளம். நான் கண்டிப்பது கண்காணிப்பாளர் உங்களிடம் சொன்ன பதிலை. அமெரிக்காவில் நோயாளிப் பாதுகாப்புக்காக 2005இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவர்கள் தமக்குள் செய்யும் இத்தகைய ஆய்வுகளை வழக்குகளில் கேட்டுப் பெற முடியாதபடி பாதுகாக்கிறது. அதே சட்டம், நோயாளியின் சிகிச்சை ஆவணம் அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்றும் சொல்கிறது. கூட்டத்தில் வைத்துப் பேசியதால் ஒரு ஐ.என்.ஆர். முடிவோ ஒரு மருந்து அட்டையோ ரகசியமாகிவிடாது. எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய சரியான எல்லைக்கோடு இதுவே என்று கருதுகிறேன்.

இந்தியாவில் இத்தகைய கூட்டக் குறிப்புகளுக்கென்று தனியான சட்டப் பாதுகாப்பு கிடையாது. அந்தக் குறிப்பை நோயாளியின் குடும்பத்துக்குத் தந்தாக வேண்டும் என்ற விதியும் கிடையாது. வழக்கு என்று வந்தால் நுகர்வோர் ஆணையமோ நீதிமன்றமோ அதைக் கேட்கலாம். அப்போது ரகசியம் என்ற ஒரு சொல் மட்டும் மருத்துவமனைக்குக் கேடயமாகாது. இந்த அச்சத்தால் பல மருத்துவமனைகள் குறிப்பே எழுதுவதில்லை, அல்லது "விவாதிக்கப்பட்டது, அறிவுறுத்தப்பட்டது" என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுகின்றன. மருத்துவர்களின் மனம் திறந்த பேச்சுக்குப் பாதுகாப்பும், அதற்கு ஈடாக நடந்ததை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கடமையும் ஒரே சட்டத்தில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்பை மட்டும் கேட்கும் மருத்துவர் சங்கங்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். கூட்டக் குறிப்புக்காகப் போராடி உங்கள் சக்தியைச் செலவிட வேண்டாம். அது கையில் கிடைத்தாலும் உங்களுக்குத் தெரியாத எதையும் அந்த இரண்டு வரி சொல்லாது. முழுச் சிகிச்சை ஆவணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவ நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாதீர்கள். பழைய, புதிய மருந்து அட்டைகள் இரண்டும், செவிலியர் குறிப்புகளும், ஒவ்வொரு ஐ.என்.ஆர். முடிவும் வெளியான நேரத்தோடும், இதய மருத்துவரின் ஆலோசனைக் குறிப்பும், இரண்டாவது அறுவையின் குறிப்பும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் தந்தையின் கையொப்பம் இருப்பது நல்லது.

அடுத்து, அறுவை மருத்துவர், இதய மருத்துவர், கண்காணிப்பாளர் மூவரும் சேர்ந்து உங்கள் குடும்பத்துடன் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேளுங்கள். யார் என்ன சொன்னார் என்று கேட்காமல், ஊசியை நிறுத்தும் முடிவு யாருடைய பொறுப்பாக இருந்தது, அது ஏன் நடக்கவில்லை, இன்று இதே நிலையில் ஒரு நோயாளி சனிக்கிழமை மாலை அந்த வார்டில் இருந்தால் எது வேறு விதமாக நடக்கும் என்று கேளுங்கள். "ஊழியர்கள் எல்லோருக்கும் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்திவிட்டோம்" என்றோ "அந்த நர்ஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம்" என்றோ பதில் வந்தால், கூட்டம் பெயருக்கு நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாக, இந்த ஊசியை எழுதும்போதே நிறுத்த வேண்டிய அளவையும் அதே அட்டையில் எழுதாவிட்டால் மருந்தகம் மருந்தைத் தராது என்றோ, இந்த இரு மருந்துகளும் சேர்ந்து போகும் நோயாளிகளின் பட்டியலை விடுமுறை நாளிலும் ஒரு மருந்தாளுநர் தினமும் பார்க்கிறார் என்றோ, இரவில் அழைப்பதற்கென்று ஒரு சீனியரின் பெயர் வார்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்றோ சொன்னால், அந்த அறையில் உண்மையான வேலை நடந்திருக்கிறது. அந்த மாற்றம் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்பதையும் கேளுங்கள். மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையாக இருந்தால், மருந்துப் பிழைகளைப் பதிவு செய்து ஆராய்வது அந்த அங்கீகாரத்தின் நிபந்தனைகளில் ஒன்று என்பதையும் நினைவூட்டலாம்.

இரண்டாவது அறுவைக்கும் ஐ.சி.யூ.வுக்கும் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரும்படி அதே சந்திப்பில் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். உண்மையைச் சொன்னால் வழக்கு வரும் என்று மருத்துவமனை அஞ்சுவது இயல்பு. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள், 2001 முதல் தவறு நேர்ந்தால் தாமாகவே சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஈடு தரும் முறையைக் கைக்கொண்டபோது, அங்கே இழப்பீட்டுக் கோரிக்கைகளும் வழக்குகளும் குறைந்தன. தங்கள் கேள்விகளுக்கு விடை கிடைக்காததும் குடும்பங்கள் நீதிமன்றத்துக்குப் போக ஒரு பெரிய காரணம் என்பதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, உங்கள் அம்மா சொன்ன செய்தி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு இறுகுகிறது என்று உங்கள் தந்தை சொன்னது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருக்காவிட்டால், அந்தக் கூட்டத்தில் பேசிய எந்த மருத்துவருக்கும் அது தெரிந்திருக்காது. ரத்தக்கசிவு தொடங்கிய நேரத்தையே அவர்கள் தவறாகக் கணித்திருக்கலாம். படுக்கையருகில் இருப்பவர் சொல்வதை வார்டில் யார் கேட்டு, யாரிடம் சேர்க்க வேண்டும் என்ற கேள்வியும் எழாமலே போயிருக்கும். உங்கள் அம்மா நினைவில் உள்ளதை நாள், நேரத்தோடு, யாரிடம் சொன்னார், என்ன பதில் வந்தது என்பது உட்பட ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். அதைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டு, இதையும் வைத்து மறுபடி ஒருமுறை பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவமனை இதை நன்றியோடு வாங்கிக்கொள்ளும்.

இந்தக் கூட்டங்களால் தீராத விஷயங்களும் உண்டு. ஆவணம் திருத்தப்பட்டிருந்தால், மது அருந்திய நிலையில் ஒருவர் சிகிச்சை செய்திருந்தால், அதே மருத்துவரிடம் அதே தவறு திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், அதை மூடிய அறையில் பேசித் தீர்க்கக்கூடாது. மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்க வேண்டும். காவல் துறைக்குப் போவதைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். மருத்துவரின் மீது குற்ற வழக்குத் தொடர மிகக் கடுமையான அலட்சியம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் கூறியிருக்கிறது. நீங்கள் எழுதியுள்ள விவரங்களில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இழப்பீடு கோரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. அதற்கான காலவரம்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள் என்பதால், மருத்துவமனையுடன் பேச்சு நடக்கும்போதே ஆவணங்களை வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.